எங்கள் காரின் கொம்பனிச் செற்

இன்று காலை சந்தைக்குப் போகிற வழியில் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டுகிற கடையில் பழைய ரியூப் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினார்கள். வெட்டிய ரப்பரின் வாசம் மூக்கில் ஏறியதும், நான் எங்கே நிற்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. உடுவில் ஊரிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், தையல் மெசினுக்கு முன்னால், நீர் கத்திரிக்கோலும் கையுமாகக் குனிந்திருப்பது போலவே இருந்தது. நான் உமக்கு ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து, கடிதம் எழுத வேண்டிய தூரத்தில் நாங்கள் இருந்ததே இல்லை. நீர் கண்ணை மூடிய பிறகு, இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளை யப்பான் காரை வைத்துத்தான் நான் வாடகைக்கு, ஹயர், ஓடினேன். நீர் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தீர். காரோடு கூடவே வந்த, றேடியோவும் கசெற்றும் சேர்ந்த அந்தச் செற்றைக் 'கொம்பனிச் செற்' என்றுதான் சொல்லுவோம். கலியாண ஹயருக்கு அதுதான் அழகு. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நாதஸ்வரக் கசெற்றைப் போட்டுக்கொண்டு போனால், வேலியோரம் நிற்கிற சனமெல்லாம் எட்டிப் பார்க்கும். தொண்ணூறாம் ஆண்டு, சண்டையால் பாதை பூட்டிக் கொழும்புச் சாமான்கள் நின்றுபோன காலத்தில், அந்தச் செற்றுக்கு வருத்தம் வந்தது. பாடுகிறவரின் குரல் இழுபட்டு, பேய் கொட்டாவி விடுவது போலாகிவிட்டது. "அண்ணை, உங்கடை காரிலை பாட்டுக்குச் சத்தி வருது" என்று மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் வாந்தி வருவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சொல்ல, கார் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் கோபப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்துகிறவர் பிரித்துப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார். "மோட்டர் நல்லா இருக்கு. கசெற்றைச் சுத்துற ரப்பர் பெல்ற்தான் உருகிப் போச்சு. உந்தப் பெல்ற் இனி இஞ்சை எடுக்கேலாது. புதுச் செற் ஒண்டு பூட்டுறதுதான் சுகம்."

புதுச் செற்றும் எங்களிடம் இருந்தது. பாதை பூட்டுவதற்குச் சற்று முன்பு, ஜேர்மனியிலிருந்து உம்முடைய தம்பி ஆள் மூலம் அனுப்பியது. பச்சையும் சிவப்புமாக விளக்கெரியும். எனக்கு அதில் சரியான ஆசை. ஆனால் அது பழையதைவிட அகலம். டாஷ்போட்டை வெட்டினால்தான் உள்ளே போகும். நான் இரும்பு அறுக்கிற வாள் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த நீர் எழும்பி வந்து கதவடியில் நின்றீர்.

"இஞ்சருங்கோப்பா, கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன்? உம்மடை தம்பி ஆசையா அனுப்பினதெல்லோ?"

"ஓம், ஆசையாத்தான் அனுப்பினவன். ஆனா இதை வெட்டினா வெட்டினதுதான். துணியெண்டா ஒட்டுப் போட்டுத் தைக்கலாம், இதை என்ன செய்யிறது? மோட்டர் நல்லா இருக்கெண்டு அவர் சொன்னவரெல்லோ. செற்றைக் கழட்டித் தாங்கோ, பாப்பம்."

"உமக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

"தையல் மெசினைக் கழட்டிப் பூட்டுறன்தானே. உதுவும் சுத்துற சாமான்தான்."

மெசின் மேசையில் பழைய சீலையை விரித்து, மெசினுக்குரிய சின்னத் திருப்புளியால் நீர் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினீர். உள்ளே பெல்ற் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. அதைத் துணித்துண்டில் ஓடிக்கொலோன் சென்ற் தொட்டுத் துடைத்தீர். வீடெல்லாம் கோயில் திருவிழா வாசம். பிறகு என்னுடைய பழைய சைக்கிள் ரியூபைக் குறுக்கே வெட்டி, மோதிரம் மாதிரி ஒரு வளையம் எடுத்தீர். மூட்டு இல்லாத வளையம். பூட்டிக் கசெற்றைப் போட்டால், வித்துவான் குடிவெறியில் நடப்பது போல நாதஸ்வரம் தள்ளாடியது.

"விடுமப்பா" என்றேன்.

நீர் விடவில்லை. வளையத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "ஒரு பக்கம் அகலம் கூடிப்போச்சு. அதுதான் ஆடுது" என்றீர். அதற்குப் பிறகு எத்தனை வளையம் வெட்டினீர் என்று நான் எண்ணவில்லை. தையல் சோக்கால் கோடு போட்டு, கத்திரிக்கோலைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவீர். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காருக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. ஆட்டமில்லை, இழுவையில்லை. சோற்றுக் கையோடு முற்றத்துக்கு ஓடிவந்தேன். நீர் முன் சீற்றில் இருந்து என்னைப் பார்த்த பார்வையை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதுச் செற்றைப் பூட்டவில்லை என்று தம்பிக்கு நீரே உண்மையை எழுதினீர். அவனுக்குக் கொஞ்ச நாள் மனவருத்தம்தான். அதை நாங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டோம். பெடியள் அதைப் பழைய கார்ப் பற்றறியில் கொழுவிச் செய்தி கேட்கிறார்கள் என்று அறிந்தபோது அவனுடைய கோபமும் போய்விட்டது.

அடுத்த ஆண்டுதான் சண்டிலிப்பாய் ஊரில் அந்தக் கலியாணம். பொம்பிளைக்குத் தகப்பன் இல்லை. தாய் ஒற்றை ஆளாக நின்று எல்லாவற்றையும் ஒப்பேற்றினவ. பொம்பிளையின் சட்டை நீர் தைத்தது, மாப்பிள்ளை வந்தது எங்கள் காரில். அப்போது பெற்றோல் கிடைக்காததால் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் ஒரு துளி விட்டு ஸ்ராட் பண்ணினால், பிறகு மண்ணெண்ணெய் இழுக்கும், புகையும். மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார், ஐயர் ஓமம் வளர்த்துவிட்டார், மேளக்காரரை மட்டும் காணவில்லை. அவர்கள் வருகிற வீதியில் விடியவே ஷெல் விழுந்து, சனம் திரும்பிப் போகிறது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார்.

முகூர்த்தத்தை இன்னொரு நாளைக்கு வைப்போமா என்று மாப்பிள்ளை பகுதியில் கதை தொடங்கியது. இன்னொரு நாள் எப்படி விடியும் என்று யாருக்குத் தெரியும்? பொம்பிளையின் தாய் தூணைப் பிடித்துக்கொண்டு, "தகப்பனும் இல்லை, இப்ப மேளமும் இல்லாமலோ என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறப்போகுது?" என்று அழுதா. நீர் பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி நேரே அவவிடம் போனீர்.

"அழாதையுங்கோ மாமி. எங்கடை காரிலை மேளம் இருக்கு."

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். இடையில் இழுபட்டால்? தாலி கட்டுகிற நேரத்தில் அந்தப் பேய்க் கொட்டாவி வந்தால், பிறகு அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் எங்கள் காரைத்தான் சொல்லுவார்கள். உமக்குக் கிட்ட வந்து மெல்லக் கேட்டேன், "பெல்ற் தாங்குமோ?"

"நான் வெட்டினது. தாங்கும்."

காரைப் பந்தல் வாசலுக்குக் கொண்டுவந்து கதவுகளைத் திறந்துவிட்டோம். நீர் கசெற்றைச் சுற்றிக் கெட்டிமேளம் தொடங்குகிற இடத்தைப் பிடித்தீர். போட்டுப் பார்த்தால், சத்தம் சோர்ந்து போனது. பெல்ற்தான் என்று நினைத்தேன். நீர் பதறவில்லை. "பெல்ற் இல்லையப்பா, பற்றறி. ஸ்ராட் பண்ணுங்கோ" என்றீர். ஸ்ராட் பண்ணினேன். மண்ணெண்ணெய்ப் புகை பந்தலுக்குள் போய், ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு இருமினார். மாப்பிள்ளை பகுதி, பொம்பிளை பகுதி என்று பார்க்காமல் ஆம்பிளைகள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, காரின் பின்பக்கம் வேலியைப் பார்க்கும்படி தள்ளித் திருப்பினார்கள்.

ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நீர் கசெற்றைத் தள்ளினீர். தவிலும் நாதஸ்வரமும் பந்தலை நிறைத்துக்கொண்டு எழும்பின. பூவும் அரிசியும் பறந்தன. கடைசி முடிச்சு விழும்வரை ஒரு இடத்திலும் ஆடவில்லை. நான் எஞ்சின் நின்றுவிடாமல் காலால் அமத்திக்கொண்டு, உம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் செற்றின்மேல் ஒரு விரலை வைத்தபடி, பொம்பிளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தாய் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சால்வையோடு தட்டம் கொண்டுவந்து என்னிடம் நீட்டினா. "மேளத்துக்குரிய தட்டம் தம்பி, பிடியுங்கோ."

"நான் காரோட்டினவன் அம்மா. மேளம் வாசிச்சது உள்ளை இருக்கிறவ" என்றேன்.

நீர் இறங்கி, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத் தட்டத்தை வாங்கினீர். "சால்வையைப் போடுங்கோ பிள்ளை!" என்று பந்தலுக்குள்ளிருந்து ஆரோ சத்தம் போட, வித்துவான் மாதிரித் தோளில் போட்டுக்கொண்டீர். சனம் கைதட்டியது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்டபோது கார் எங்களைத் தென்மராட்சி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கேயே அதை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அதற்காக நீர் ஒருநாளும் அழுததில்லை. திரும்பி வந்த கிழமையே மெசினைத் துடைத்துத் தைக்கத் தொடங்கிவிட்டீர்.

போன கிழமை பெரியாஸ்பத்திரியில் மருந்துக்கு இருந்தேன். முன் வாங்குப் பலகையில் இருந்த ஒரு பெண் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தா. பிறகு எழும்பிக் கிட்ட வந்தா. "ஐயா, குறை நினையாதையுங்கோ. எனக்குச் சண்டிலிப்பாய். நீங்கள் எங்கடை மேளக்கார அக்காவின்ரை மனிசனெல்லோ?"

அந்தக் காரிலும் பிறகு வந்த கார்களிலுமாக நாற்பது வருடம் ஹயர் ஓடியிருக்கிறேன். கார்க்காரர், டிறைவர் அண்ணை என்று ஊர் எத்தனையோ விதமாக என்னைக் கூப்பிட்டிருக்கிறது; உம்முடைய புருசன் என்று மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழும்பி நின்றேன், முழங்கால் வலி தெரியவில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன், "அவவின்ரை மனிசன்தான்."