ஓட்டை போட்ட பால் டின்

ஐப்பசி, வியாழக்கிழமை. விடாத மழை.

இந்த மாதத்தோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை இல்லை என்று கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். இனி வியாபாரம்தான். சாயங்காலம் மனைவி ராஜத்தோடு உட்கார்ந்து யோசித்தேன்.

மாடு வாங்கலாம் என்றேன்.

"நம்மள அடைச்சு வச்சிருக்கிற கம்பி வேலிக்குள்ள புல்லு எங்க இருக்கு? வெளிய மேயப் போனா கர்ஃபியூவுக்கு முன்ன திரும்புமா?"

கருவாடு விற்கலாம் என்றேன். வழியெல்லாம் சோதனை, மூட்டையைக் குத்திக் கிளறிவிடுவார்கள் என்றாள். அப்படியானால் மளிகைக் கடை என்றேன்.

அவள் எழுந்துபோய், காலையில் வாங்கிய இனிப்புக் கட்டிப்பால் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக் கூடாதென்று, கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் டின்னை விற்க வேண்டும். அது சட்டம். ஓட்டையைச் சுற்றி ஒரே எறும்பு.

"பிள்ளைக்காரி வாங்குற டின்ன நீங்க ஆணியால குத்துவீங்களா?"

என்னால் முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப தேத்தண்ணிக் கடை போடுவோம்லா. எறும்பு வர்றதுக்குள்ள டின்னு நம்ம கையிலயே தீந்துரும்."

உடனே அடுப்பை மூட்டினாள். எறும்பை எடுத்துப் போட்டுவிட்டு, மீதிப் பாலை எல்லாம் ஒரே கோப்பைத் தேத்தண்ணியில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திகட்டியது. "ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

வாங்கி ஒரு வாய் குடித்தாள். "ஐயே! மொத கிராக்கியே பொய் சொன்னா கடை எப்படி உருப்படும்?"

கோப்பையைத் திரும்ப வாங்கி முழுவதையும் குடித்தேன்.

ராஜம் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தேயிலைச் சாயம் அவ்வளவு கெட்டி. அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கலாம். அது பொய்யில்லை.