கை அவருடையது, காது என்னுடையது

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், கம்ப்யூட்டரும் நலம். மூன்றாவது ஆளைப் பார்த்ததும் நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும், ஆனால் உன் நலத்தைக் கேட்காமல் நான் மேலே போவதாக இல்லை. அந்த இருமல் போய்விட்டதா, ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் பிஸ்கட்டிலேயே முடித்துக்கொள்கிறாயா, இல்லை அடுப்பைப் பற்றவைக்கிறாயா, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் வேண்டும். நீ கேட்ட மாதிரியே இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துத் தைத்த சட்டைகளை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், அவற்றின் நடுவில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாய். போனில் என்றால் நான் சிரிப்பேன், நீ அழுவாய், ஒன்றும் உருப்படியாக விளங்காது. போன தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாயே, அப்பாவுக்கு என்மேல என்னம்மா கோபம், நான் போன் பண்ணினா ரெண்டு வார்த்தைகூட பேசாம உன்கிட்ட குடுத்துடறாரு, நான் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தது அவருக்குப் பிடிக்கல, அவர் வாயால வான்னு சொன்னாத்தான் லீவுக்கு வருவேன், இல்லன்னா வரமாட்டேன் என்று. அதற்கான பதில் இதில் இருக்கிறது. கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற உன் பழக்கத்தை இன்று மட்டும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வரிசையாகப் படி.

நீ போன லீவில் அப்பாவோடு சேர்ந்து கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று பாகம் பாகமாக வாங்கிக் குவித்தாயே, அதற்குள் ஆபீசிலிருந்து அழைப்பு வந்து அவசரமாகக் கிளம்பிப் போனாயே, அந்தப் பெட்டிகளெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன. நான் பெருக்கும்போதெல்லாம் அவற்றைத் திட்டிக்கொண்டே நகர்த்துவேன். திடீரென்று ஒரு நாள் காலையில் உன் அப்பா அத்தனையையும் இழுத்து வெளியே போட்டார். இதையெல்லாம் விற்ற கடைக்காரரைக் கூப்பிடலாமே என்றேன். அவ்வளவுதான், மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அச்சகத்துல வீடு மாதிரி மெஷினை ஓட்டினவன்டி நான், இந்த டப்பா எனக்கு ஒரு பொருட்டா என்றார். உன் அறையில் மேசையை இழுத்துப் போட்டு, என் நல்ல போர்வையை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடவே வந்த படப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். படத்தில் இருக்கிற ஒரு திருகாணியைக்கூட விடவில்லை, நகக்கண் அளவுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வந்திருந்தது, அது எதற்கென்று தெரியாமலே அதையும் அதன் இடத்தில் சொருகிவிட்டார். நான் கிட்டே போனால் நூல் துண்டு விழும், தள்ளு தள்ளு என்று விரட்டினார்.

எல்லாம் முடிந்து என்னைக் கூப்பிட்டு, ஏதோ கப்பலைக் கடலில் இறக்குகிற தோரணையில் பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றியது, உள்ளே பச்சை நீலம் சிவப்பு என்று கல்யாண மண்டபம் மாதிரி விளக்கெல்லாம் எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்தது, பிறகு அதுவும் தூங்கிவிட்டது. பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன், பள்ளிக்கூட யூனிபார்ம் மலைபோல் குவிந்து கிடந்தது. அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு அதே வேலை. திரையின் வயரை மாற்றினார், அந்த ஓட்டையில் சொருகினார், இந்த ஓட்டையில் சொருகினார், முழுவதையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். உன் தையல் மெஷின் கரண்டையெல்லாம் குடிச்சிடுது, அதான் இதுக்கு தெம்பில்ல என்று பழியை என் தலையில் போட்டார். இதுல மதர்போர்டுன்னு ஒண்ணு இருக்கு, அதான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, கூப்பிட்டது காதிலேயே விழாத மாதிரி உட்கார்ந்திருப்பார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது எல்லாப் புருஷன்களுக்கும் உள்ள வியாதி என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். அவர் பட்டனைத் தட்டும்போதெல்லாம் என் காதில் டூட், டூட் என்று ஒரு சத்தம் விழுந்துகொண்டுதான் இருந்தது. நம் பக்கத்து வீட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாரே, அவர் வண்டியைப் பின்னால் எடுத்தால் அப்படித்தான் கத்தும், உனக்குத்தான் தெரியுமே. யாரோ புதிதாகப் படிக்கிறவர் ரிவர்ஸ் வராமல் திண்டாடுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். என் மெஷின் சத்தத்தில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் காலையிலிருந்து சாயந்திரம் வரை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பாரே என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை பார். ஒரு நாள் அந்த டிரைவிங் ஸ்கூல்காரரே பேண்டின் நீளத்தைக் குறைக்கவேண்டும் என்று வந்து என் எதிரில் நிற்கிறார். மெஷினை நிறுத்திவிட்டு அளவு எடுக்கிறேன். டூட், டூட். உங்க வண்டியை யாருங்க பின்னால எடுக்கறாங்க என்று கேட்டேன். என் வண்டி ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாச்சே, சத்தம் உங்க வீட்டுக்குள்ள இருந்துதாங்க வருது என்றார். இன்ச் டேப்பை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு உன் அறைக்கு ஓடினேன்.

உன் அப்பா கம்ப்யூட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அது அந்தக் குட்டி ஸ்பீக்கர் வழியாக அவர் முகத்துக்கு நேராக நின்று டூட், டூட் என்று உயிர் போகிற மாதிரி கத்துகிறது. என்னைப் பார்த்ததும் கையை விரித்து, பாரு, மூச்சு பேச்சே இல்ல, ஒரு சத்தமாவது போடுதா பாரு என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது வாலு. டிவியை ஏன் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார், வாசல் மணி அடித்தால் ஏன் நான்தான் எழுந்து போகவேண்டியிருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அத்தனை வருஷம் அச்சு மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது, கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறது. வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவிலேயே பாதியைப் பிடித்துவிடுகிறார். நேரில் வந்த உனக்கும் அதனால்தான் தெரியவில்லை.

முதலில் இந்தக் கத்தலை நிறுத்துவோம் என்று நீ பாகங்கள் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். போனை அது பக்கத்துல வைங்கம்மா என்றார் கடைக்காரர், வைத்தேன். இரண்டு தடவை கத்தியதுமே, அட, ரேம் சரியா உக்காரலம்மா, அதான் கம்ப்யூட்டரோட ஞாபகசக்தி, சீப்பு மாதிரி நீளமா இருக்குமே, அதைக் கழட்டித் திரும்ப வச்சு ரெண்டு ஓரத்துலயும் அமுக்குங்க, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க என்றார். அந்த டக் சத்தத்தில்தான் வந்தது வினை. படப் புத்தகத்திலும் அதே டக் போட்டிருக்கிறது, இவர் அமுக்கிப் பார்த்து, சத்தம் கேட்காததால் இன்னும் அமுக்கினால் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே விட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அதே பாதிதான். ஞாபகசக்தி ஒழுங்காக உட்காராத ஜீவன், நான் யாரு, நான் யாரு என்று இத்தனை நாளும் கத்தியிருக்கிறது, கேட்கவேண்டியவருக்குக் கேட்கவில்லை, கேட்டவளோ ரிவர்ஸ் வண்டி என்று நினைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது எங்கள் குடும்பம்!

சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். கை அவருடையது, காது என்னுடையது. நான் டப்பாவுக்குள் பாதித் தலையை விட்டுக்கொண்டேன், அவர் அமுக்கினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு அமுக்கினார். இன்னும், இன்னும் என்று தலையாட்டினேன். டக். ஒரு ஓரம் ஆயிற்று என்று கையைத் தூக்கினேன். அடுத்த ஓரம். டக். போதும் என்று நான் துள்ளிய துள்ளலில் டப்பாவின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டேன், இன்னும் புடைத்துத்தான் இருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பட்டனைத் தட்டினார். கத்தல் இல்லை. ஒரே ஒரு தடவை பீப் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரை பளிச்சென்று வந்தது பார், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! உன் அப்பா என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, நான் அவரைத் தூக்கப் பார்த்தேன், கொஞ்சம் முடிந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் மறந்தே போன டிரைவிங் ஸ்கூல்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, என் பேண்ட் என்னங்க ஆச்சு என்று கேட்டார், கழுத்தில் இன்ச் டேப் அப்படியே தொங்குகிறது.

அவரை அனுப்பிவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். கத்திப் பேசினால் தெருவே கூடிவிடும், அதனால் துணி வெட்டுகிற மேசையில் தையல் சாக்பீஸால் எழுதினேன். உங்களுக்கு அவள்மேல் கோபமாம், நீங்கள் வா என்று சொன்னால்தான் வருவாளாம் என்று எழுதினேன். படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கோபமா, எனக்கா, அவமேலயா என்றார். போன்ல அவ குரல் வருது, வார்த்தை வரல, வெறும் காத்து மாதிரி இருக்கு, என்ன என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தா புள்ளைக்கு சலிச்சுப் போயிடும், அதான் உன்கிட்ட குடுத்துட்டு, நீ பேசற முகத்தைப் பாத்து அவ நல்லா இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சுக்குவேன் என்றார். நான் போன் பேசும்போது எதிரில் வந்து உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்ப்பார், ஏதோ புது ஆசை வந்துவிட்டது என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் உனக்காகத்தான் போலிருக்கிறது! சரி, இந்த டப்பாவோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினீர்கள் என்று கேட்டேன். நீ பாகங்கள் வாங்கி வந்த அன்று, இதுல பேசினா நாம சொல்றதெல்லாம் கீழே எழுத்தா ஓடும்ப்பா என்று பெருமையாகச் சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை நாள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கொஞ்சம் அழுதேன், பிறகு நெற்றிப் புடைப்பு வலித்தது, பிறகு இருவரும் சிரித்தோம்.

கடைக்காரர் மறுநாள் வந்து உள்ளே போடவேண்டியதையெல்லாம் போட்டு, கேமராவை மாட்டி, எழுத்து ஓடுகிற வித்தையையும் காட்டிவிட்டுப் போனார். நான் பேசப்பேச அது எழுதுகிறது, அப்பா வாயெல்லாம் பல்லாகப் படிக்கிறார். கண்ணாடியைக் கழட்டாதீங்க என்று நான் சொன்னால் கண்ணாடியைக் காட்டாதீங்க என்று எழுதுகிறது, இவரும் கண்ணாடியை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார். இந்தக் காதும் அவர் காது மாதிரிதான் என்று வைத்துக்கொள். ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் சொல்வதை அவர் ஒரு வார்த்தை விடாமல் கவனிப்பது இதுதான் முதல் தடவை, அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். காது டாக்டரிடம் போகவும் ஒத்துக்கொண்டார், காதில் மாட்டுகிற மெஷின் வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டவரிடம், வீடு மாதிரி மெஷினை ஓட்டியவருக்கு இது ஒரு பொருட்டா என்று அவர் வசனத்தையே திருப்பிப் போட்டேன், அதற்கும் தலையாட்டிவிட்டார்.

நீ இதைப் படித்ததும் உட்கார்ந்து அழாதே, அழுதாலும் சீக்கிரம் முடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் கூப்பிடு. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார், வாயை மூடிக்கொண்டு சிரிக்காதே, உன் வழக்கப்படி வார்த்தைகளை விழுங்காமல் நிறுத்தி நிறுத்திப் பேசு. என்ன என்று அவர் கேட்டால் எத்தனை தடவை ஆனாலும் திரும்பச் சொல். சட்டை தோளில் பிடித்தால் சொல்லு, உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, வயிறு நிறையச் சாப்பிட்டு, மனம் நிறையச் சிரித்துக்கொண்டு நீ நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார் உன் அப்பா, அவர் ஏதோ எழுதவேண்டுமாம், நான் பார்க்கக் கூடாதாம். திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா,
நெற்றிப் புடைப்போடு

வா, வாலு.
அப்பா