பதினொரு ஓட்டில் நான் இல்லை

என் கலாக் கண்ணுக்கு,

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் மறைப்பது நியாயமில்லை.

நம் ஆற்றோரத் தெருவின் பொதுக் கழிப்பறைக்குக் கதவு கேட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனாயே, நினைவிருக்கிறதா? கவுன்சிலர் ஒரு பெண். வாசலில் வந்து நின்றதோ அவள் புருஷன். "எங்கிட்ட சொல்லும்மா, எல்லாம் நான்தான் பாத்துக்கினு கீறேன்" என்றான்.

"உனக்கா ஓட்டு போட்டோம்? அக்காவக் கூப்பிடு" என்றாய். அந்த அக்கா கடைசிவரை வெளியே வரவில்லை.

அடுத்த தேர்தலில் நீயே சுயேச்சையாக நின்றாய். அபிராமபுரத்தில் நான்கு வீட்டு வேலை முடித்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாக இஸ்திரிப்பெட்டிச் சின்னம் போட்ட நோட்டீஸ் கொடுத்தாய்.

ஓட்டுக்கு முதல் நாள் உன் அண்ணன் என்னிடம், "மெஷின்ல யாரு எதை அமுக்கினாங்கன்னு கட்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சிடும்மே. நம்ம வீட்டத்தான் மொதல்ல இடிப்பாங்க" என்றார்.

அது பொய் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். "எந்த பட்டன அமுக்கினாலும் ஒரே சத்தந்தான் அண்ணி." ஆனாலும் அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்றபோது, என் விரல் உன் சின்னம் வரை போய், அங்கிருந்து நகர்ந்துவிட்டது. மெஷின் நீளமாகக் கத்தியது.

நம் பூத்தில் உனக்குப் பதினொரு ஓட்டு. அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து, யார் யார் போட்டிருப்பார்கள் என்று எண்ணினாய். "அண்ணி ஒண்ணு" என்றுதான் முதல் விரலை மடக்கினாய். நான் குழம்பைக் கிளறுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மறு வருஷம் மஞ்சள் காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சொல்ல நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். நீ போய்விட்டாய்.

இப்போது நம் தெருச் செய்தி. கழிப்பறைக்குக் கதவு வந்துவிட்டது, தாழ்ப்பாள்தான் இல்லை. அடுத்த வீட்டு நூர்ஜஹான் இந்த முறை கவுன்சிலருக்கு நிற்கிறாள். மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போடச் சொல்லி இன்று காலை வந்தாள்.

"உனக்கு இன்னாத்துக்குமே வம்பு?" என்றார் உன் அண்ணன்.

அவள் எதிரிலேயே சொல்லிவிட்டேன். "போன தபா உன் பேச்சக் கேட்டு நான் கலாவுக்குப் போடல. அதையே இன்னும் தாங்க முடியல."

அவர் தலை நிமிராமல், "நான் அவளுக்குத்தாம்மே போட்டேன்" என்றார்.

கலா, எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தங்கைக்கு ரகசியமாக ஓர் ஓட்டு; பெண்டாட்டிக்குப் பயம் மட்டும். இதை என்னவென்று சொல்வது? அவர் சொன்னது நிஜந்தானா? அன்று நீ எண்ணியபோது அவர் பெயரைச் சொல்லவே இல்லையே.

நூர்ஜஹான் பேனாவை நீட்டியபடியே நின்றிருந்தாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

நாளை அவளோடு மனு கொடுக்கப் போகிறேன். அதன்பின் தெருத்தெருவாக அவளோடு நடப்பேன். பயமாக இருக்கிறது என்று சொல்லும் பெண்களிடம், எனக்கும் பயந்தான், வா, சேர்ந்து போகலாம் என்பேன். உனக்கு நான் போடாமல் விட்ட வாக்குக்குப் பதிலாக, இந்த வாக்கைத் தருகிறேன்.

உன் அண்ணி,
வசந்தி