வியாழக்கிழமைக் கட்டத்தில் ஓகே

அடியே,

இன்றைக்குக் காலையில் டிரெய்னிங் ஹால் திரையில் உன் மெஷினைக் காட்டினார்கள். அதே பச்சை பெயின்ட், அதே கண்ணாடிக் கதவு. கதவுக்கு மேலே நீ ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது. கதவைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'விபத்துக்குக் காரணம்: ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். ஊழியர் என்றால் நீ. உன் பேரைக்கூடப் போடவில்லை.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்சுக்கும் இந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். முடிந்ததும், "நம்ம சீனியர் லைன் லீடர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று என்னை எழுப்பிவிடுவார்கள். நானும் இதுவரை நாலு பேட்சுக்கு எழுந்து நின்று, "பாத்து வேலை செய்ங்கம்மா, அவசரப்படாதீங்க" என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கங்கெட்டவள். இன்றைக்கு அப்படிப் பேச முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிராவல் பேக்கோடு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் ரூமில் குடிவந்தாய். முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட். "எனக்கு இங்கிலீசு சுத்தமா வராதுக்கா" என்று முழித்தாய். "இன்னாத்துக்கு பயந்துகினு கீற? எது கேட்டாலும் ஓகே சொல்லு, பொழுது ஓடிடும்" என்றேன். ஒரு வாரத்தில் 'அக்கா' போய் 'ஏட்டி' வந்துவிட்டது. ஓகே மட்டும் போகவில்லை.

நீ அதை வைத்து ஒரு விளையாட்டே கண்டுபிடித்தாய். பஸ் ஒரகடம் கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை யாராவது ஒருத்தி ஓகே சொல்ல வேண்டும், மற்றவர்கள் அது யாருடைய ஓகே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டமாக இரண்டு தடவை சொன்னால் ஹவுஸ் ஓனர் அம்மா: குழாய் ரிப்பேர் எனக்குத் தெரியும், நீ கிளம்பு. மூக்கால் இழுத்தால் கேன்டீன் சாம்பார்: வாயில் வைக்கலாம், அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தினால் பெண் பார்க்க வந்த மாமியார்: பொண்ணு ஓகே, மத்ததை அப்புறம் பேசிக்கலாம். ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் நம் லைனில் சேர்ந்தபோது அவர்களுக்கும் நமக்கும் இருந்த ஒரே பொதுப் பாஷையும் அதுதான். தலைவலியா, ஓகேவா. கிளம்பலாமா, ஓகே. சூப்பர்வைசர் மாதிரி நீ சொல்லும் ஓகேவுக்கு பஸ்ஸே விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கும், ஆனால் அதற்கு ஓகே தவிர வேறு பதில் சொல்லக் கூடாது.

"ஓகேவுக்குத்தான்ட்டி இத்தனை அர்த்தம். என்ஜிக்கு ஒண்ணே ஒண்ணுதான், செவப்பு டப்பா" என்பாய். நல்ல பீஸுக்கு ஓகே, கழிக்கிற பீஸுக்கு என்ஜி. மனுஷர்களுக்கு யாரும் என்ஜி போடுவதில்லை என்று ஒருநாள் சொன்னாய். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு அட்டையில் செக் ஷீட் தொங்கும். எண்ணெய் கசிகிறதா, எமர்ஜென்சி பட்டன் வேலை செய்கிறதா, கதவைத் திறந்தால் மெஷின் நிற்கிறதா என்று தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது பார்த்து, அந்தந்த நாளின் கட்டத்தில் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் நான். பன்னிரண்டு மெஷின். யார் பார்ப்பது? திங்கட்கிழமைக் கட்டத்தில் ஓகே என்று எழுதி, அங்கிருந்து சனிக்கிழமை வரை ஒரு அம்பு போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். பேனா இல்லாதபோது நீதான் உன் பேனாவைக் கொடுப்பாய். "அம்பு விடுதியா, விடு விடு" என்று சிரிப்பாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ சிரிக்கவில்லை. "ஏட்டி, கதவு தெறந்திருக்கையிலேயே உள்ள அச்சு மூடுது. ரெண்டு தரம் பாத்துட்டேன். பயமா இருக்கு" என்றாய். பிளாஸ்டிக்கை உருக்கிக் காரின் உள் கைப்பிடி வார்த்துக்கொண்டிருந்தோம். அவசர ஆர்டர். கதவைத் திறந்து, சூடு ஆறாத பீஸைக் கையை விட்டு எடுத்து, திரும்ப மூட வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை உள்ளே எதுவும் அசையக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மெயின்டனன்ஸில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் கை வைக்க முடியும் என்றார்கள். உன்னிடம் வந்து, "சண்டே பாத்துடுவாங்கடி. அதுவரிக்கும் பாத்து ஓட்டு, ஓகேவா?" என்றேன்.

பஸ்ஸில் நீ பேசிக் காட்டுவாயே, அதே ஓகேவா. நீயும் அதற்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாய்.

உன் கை மாட்டியது வியாழக்கிழமை. என் அம்பு அதற்குள் சனிக்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது வலது கை முழுக்க வெள்ளைக் கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன என்று வெளியிலேயே சொல்லிவிட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். பாவி, யாரடி உன்னை அப்போது அதைச் செய்யச் சொன்னது?

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. விபத்து நடந்த அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் ஒரு புதுச் சீட்டை நீட்டி, "அம்பு கிம்பு இல்லாம ஒவ்வொரு நாளா எழுது. ஒரே பேனால எழுதாத" என்றார். எழுதினேன். திங்களும் புதனும் நீலம், செவ்வாயும் வியாழனும் கறுப்பு. கதவு என்ற வரிசையில், உன் விரல்கள் போன அந்த நாளின் கட்டத்தில், என் கையால் ஓகே என்று எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்க வேண்டும் என்று நிதானமாகவே எழுதினேன்.

அதைத்தான் விசாரணையில் மேஜைமேல் வைத்தார்கள். "கதவு சென்சார் வேலை செஞ்சுதாம்மா?" என்று உன்னைக் கேட்டார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "எல்லாம் ஓகேயாத்தான் இருந்துச்சு சார். நாந்தான் கதவ முழுசாத் தெறக்காம சந்துக்குள்ள கைய விட்டுட்டேன்" என்றாய். எனக்கு மூச்சு வந்தது. ஆமாம், அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, மூச்சு. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாயா, இல்லை அத்தனை பேர் முன்னால் பயந்து சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நீ ஊருக்குப் போன பிறகு போனில் ஒரே ஒரு தடவை ஆரம்பித்தேன். "அந்தச் சீட்டு விஷயம்டி..." என்றேன். நீ முடிக்க விடவில்லை. "அதெல்லாம் ஓகேட்டி. நீ சாப்ட்டியா?" என்றாய். பிறகு இடது கையால் கோலம் போடப் பழகுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாய். "ஓகேட்டி, வைக்கேன்" என்று வைத்தாய். அடுத்த மாசம் உன் தங்கச்சி போன் பண்ணினாள். பத்து நாள் காய்ச்சலாம், ஆள் போயிட்டா என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை. உன் அம்மா முகத்தில் முழிக்கப் பயம்.

இத்தனை வருஷம் அந்த விளையாட்டை விளையாடியும் எனக்கு இது ஒன்றுதான் பிடிபடவில்லை. அதெல்லாம் ஓகே என்றாயே, மன்னித்துவிட்டேன் என்றா? பேசாதே, வலிக்கிறது என்றா? இனி ஆகப்போவது என்ன என்றா? பஸ்ஸில் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

சரி, இன்றைக்கு நடந்ததைக் கேள். படம் காட்டி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண், "கதவு தெறந்தா மெஷின் நின்னுடுமே. அந்தக்கா அவ்ளோ மக்கா?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. நீ சிரிக்க வைக்கும்போது சிரிப்பார்களே, அப்படி இல்லை. உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "கம்முனு இருடி! அவ மக்கு இல்ல" என்று கத்திவிட்டேன். "கதவு வேலை செய்யல. ரெண்டு நாள் முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னா. நான்தான் பாக்காமயே ஓகேன்னு எழுதிக்கினு இருந்தேன். அப்புறம் சீட்டை மாத்தி எழுதினதும் நான்தான்." டிரெய்னிங் ஆபீசர் கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடினார். "ஓகே, ஓகே. டீ பிரேக்" என்றார்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப்போகும்போது சூப்பர்வைசர் வந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீஸில் என்னை விசாரிக்கிறார்களாம். "டென்ஷன்ல ஒளறிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக்கினு வா. எல்லாம் ஓகே ஆயிடும்" என்றார். பதினோரு வருஷ வேலை. இவர்கள் அனுப்பிவிட்டால் பக்கத்துக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள்.

வெள்ளைப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த லெட்டர் வரவில்லை, இதுதான் வருகிறது. பீரோவில் புடவைக்கு அடியில் இருந்ததையும் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். நான் கிழிக்கவில்லை, மடித்து டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. மடிப்பில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. திங்கட்கிழமையில் என் ஓகே. உன் பேனா மை. அம்பு வியாழக்கிழமைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகிறது.

நாளைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். அப்புறம் என்ன ஆனாலும் உன் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவேன். நீ இருந்தால் எதிர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஓகேயா?" என்று கேட்டிருப்பாய்.

இல்லடி. ஓகே இல்ல.