அக்கா நடந்த ஐம்பது மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்
அக்காவுக்கு வாக்கர் வந்துவிட்டது. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டே இருந்தவள், இன்று படுக்கையிலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல்வரை ஒரே மூச்சில் போய்விட்டாள். நான் நடுவில் நின்றேன். "டேய், வழி விடு. லாரி வருது" என்றாள்.
இனி வேலைக்குப் போக வேண்டுமாம். பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடம். "ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் சிரிக்கிறாங்க" என்பாள். ஆனால் பஸ் ஏற முடியாது. நடக்க இயலாதவர்களுக்கு வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேன்.

மார்ச் 19, புதன்
கடிதம் வந்தது. ஏப்ரல் 2, நேரில் வந்து நடந்து காட்ட வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்
நீளமான நடைக்கூடம். தரையில் மஞ்சள் நாடா ஒட்டி இருபது மீட்டர், ஐம்பது மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். மதிப்பிடும் அம்மா தன்மையானவர். "முடிஞ்ச வரைக்கும் நடங்கம்மா. வாக்கரைப் பிடிச்சுக்கலாம்" என்றார்.
அக்கா புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரீட்சைக்குப் போவதுபோல ஒரு முகம். இருபதைத் தாண்டினாள். ஐம்பதையும் தாண்டினாள். கடைசியில் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் கைதட்டினேன். கைதட்டினேன்!
வீட்டுக்கு வந்ததும் படுத்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. தொடை இரண்டும் தானாகத் துடித்துக்கொண்டிருந்தன. டம்ளரைக் கூட நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16, புதன்
"துணைக்கருவியுடன் ஐம்பது மீட்டருக்கு மேல் நடக்கிறார். தகுதி இல்லை."
இரண்டு வரி. படித்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.
"உன்னை யாரு அவ்வளவு நல்லா நடக்கச் சொன்னது?"
"நடக்கச் சொன்னாங்க, நடந்தேன்" என்றாள். இரவு சாப்பிடவில்லை.
ஏன் அப்படிக் கேட்டேன்? நடந்ததற்காக ஒருத்தியைத் திட்டுவார்களா?

ஏப்ரல் 17, வியாழன்
நான் வேலை செய்யும் அச்சகத்தில் மிஷின்காரரிடம் சொன்னேன். அவர் மச்சானுக்கு அந்த வண்டி கிடைத்திருக்கிறது. "வாக்கரோட போனா எப்படி சார் கொடுப்பாங்க? அதைத் தூக்கிப் பரண்மேல போடுங்க. கால் மறுபடி நல்லாயிருச்சுன்னு எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான்" என்றார்.
மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டுவிட்டேன். எப்படியும் மூன்று மாதம் ஆகுமாம்.
வாக்கரை மடித்துப் பரணில் ஏற்றினேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"நடக்கிறதுக்குத்தானேடா வாங்கின?"
"மூணே மாசம்கா. தெருவுல யாராவது பார்த்து சொல்லிட்டா எல்லாம் போச்சு."
"சரி. நீ சொன்னா சரி."
சண்டை போட்டிருந்தாளானால் நன்றாயிருந்திருக்கும்.

மே 11, ஞாயிறு
நாள் முழுக்க ஜன்னல் ஓரத்து நாற்காலி. கூடத்து முதலாளி போன் செய்து, ஆகஸ்ட்வரை அவள் இடத்தை யாருக்கும் தரமாட்டேன் என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

ஜூன் 6, வெள்ளி
குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனவளுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கனமே இல்லை அவள்.
அக்காவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் போன் செய்தார். "பயிற்சியெல்லாம் நடக்குதா?"
"நடக்குது" என்றேன்.
அக்கா என்னையே பார்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்
அதே நடைக்கூடம், அதே அம்மா. வாக்கர் இல்லாமல் என் தோளைப் பிடித்து எழுந்தாள். நாலு அடி. ஐந்தாவதில் இரண்டு காலும் ஒன்றாக மடங்கின. நான் பிடித்திராவிட்டால் முகம் தரையில் மோதியிருக்கும். நடிப்பில்லை. நடிக்கத் தேவையே இருக்கவில்லை.
அவர் கேட்டார்: "போன தடவை வாக்கர் இருந்ததே, எங்கே?"
"பரண்ல தூங்குது" என்றாள் அக்கா.
அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வாக்கர் இருக்குங்கிறதுக்காக நாங்க யாருக்கும் மறுக்கிறதில்ல சார். அதைப் பிடிச்சுக்கிட்டு விழாம, வலியில்லாம, திரும்பத் திரும்ப அந்தத் தூரம் போக முடியுதான்னுதான் பார்க்கணும். ஒரு தடவை போயிட்டு நாள் முழுக்கப் படுத்துக்கிட்டா, அது நடக்கிறதா கணக்கே இல்ல. அன்னிக்கு வீட்டுக்குப் போனப்புறம் எப்படி இருந்தாங்க?"
சொன்னேன்.
"நடந்தா இப்படிப் படுத்துடுவாங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? விண்ணப்பத்தோட ரெண்டாம் பக்கத்துல கேட்டிருந்தோமே." பேனாவை மறுபடி எடுத்தபடி, "நானும் இன்னொரு தடவை நடக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார்.
வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்தேன். இரண்டாம் பக்கம், ஏழாவது கேள்வி. "நடந்தபின் எவ்வளவு நேரம் ஓய்வு தேவைப்படுகிறது? அதே தூரத்தை அன்றே மீண்டும் நடக்க இயலுமா?" கீழே என் கையெழுத்தில் ஒரு கோடு. கோடு மட்டும்.
பத்தொன்பது வருடமாக ஊரார் எழுத்தில் பிழை பார்க்கிற வேலை எனக்கு.

ஜூலை 9, புதன்
வாக்கரை இறக்கித் தூசி தட்டினேன். அக்கா பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். கால் முன்னே வரவில்லை.
பிசியோதெரபிஸ்டை வரவழைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாடாவால் தொடையைச் சுற்றி அளந்தார், பழைய அளவைப் பார்த்தார்.
"பழைய பலம் திரும்ப வருமா?"
"கொஞ்சம் வரலாம். மார்ச்சுல இருந்த மாதிரி... வாக்குக் கொடுக்க முடியாது."
அவரை வழியனுப்பிவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சிடுக்கா என்று சொல்ல நினைத்தேன். தண்ணி வேணுமாக்கா என்றுதான் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்
அனுமதி வந்துவிட்டது. படித்துக் காட்டினேன். "இந்தத் தடவை பாஸா?" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு
இன்று ஒருவழியாகக் கேட்டே விட்டேன். "என்மேல கோபம் இல்லையாக்கா?"
"இருக்கு" என்றாள். "இரு, தலைக்கு எண்ணெய் எடு. முதுகு வலிக்குது, சீக்கிரம் வாரிவிடு."

ஆகஸ்ட் 4, திங்கள்
சரியாக ஒன்பதுக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவரும் நானுமாகச் சக்கர நாற்காலியோடு உள்ளே ஏற்றினோம். கூடத்தில் முதலாளி அவள் மேசையின் கால்களை அறுத்துத் தாழ்வாக்கி வைத்திருந்தார். அக்கா மெழுகைச் சூடாக்கி, ஒரு மேல்வரிசைப் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டபின்தான் நான் அச்சகத்துக்குக் கிளம்பினேன்.
சாயங்காலம் அதே வண்டியில் போய் அழைத்து வந்தேன். விரலெல்லாம் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தாள். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அக்காவால எப்போலேர்ந்து சார் நடக்க முடியல?"
சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
"ஆபரேஷன் ஆனதுலேர்ந்துப்பா" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.
வீடு வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.