பதினேழாம் எண் வீட்டில் ஒரு பெயர் குறைகிறது

அன்பு மகள் ரோஷெலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முட்டிக்கு மட்டும் சுகமில்லை, லண்டன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பிழை பார்த்துச் சிரிக்காதே, நாலாம் வகுப்போடு மீன் வண்டி ஏறியவன் நான். பக்கத்து வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு அப்படியே உன் மூக்கு.

போன மாதம் அம்மா இழுத்துப் போனதால், நம் பழைய வட்டாரத்து ஆட்கள் நடத்தும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இடித்துத் தள்ளிய தெருக்களைத் தரை முழுக்க வரைந்திருக்கிறார்கள், அவரவர் வீட்டு இடத்தில் அவரவர் பெயரை எழுதலாம். அங்கே வேலை செய்கிற பழைய பக்கத்து வீட்டு மோனா என்னைப் பார்த்ததும், "ஏய் ஆல்ஃபி, நீ செத்துட்டன்னு தரையில எழுதியிருக்கு, இங்க என்னடா பண்ற?" என்றாள். சிரித்துக்கொண்டே குனிந்தேன். எங்கள் பதினேழாம் எண் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பெயருக்கும் பக்கத்தில் சிலுவை. எனக்கு என் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்த அண்ணனின் கையெழுத்து அது.

உன் பெரியப்பா நெவில் கடலில் மூழ்கிச் செத்தார் என்று சொல்லியிருந்தேனே, பொய் கண்ணு. எங்கள் தெரு இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசாங்கம் சொன்ன வருடம், நம் கலப்பினக் குடும்பத்தில் வெளுத்த தோலாயிருந்த அவன் வெள்ளையன் என்று அடையாள அட்டை வாங்கிவிட்டான். எங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இந்த மணல்வெளியில் இறக்கினார்கள், அவன் அந்தப் பக்கம் போனான். தெருவில் பார்த்தாலும் கூப்பிடாதீங்க, அவன் வேலையும் வீடும் போயிடும் என்றாள் என் அம்மா. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இதுதான் பழக்கம். ஒருநாள் மனைவியோடு வந்து என் வண்டியில் மீன் வாங்கினான். சின்ன வயதில் மீன் தலைக்கு என்னோடு சண்டை போடுவான், அன்று வால் துண்டு கேட்டான். "இந்தாங்க ஐயா" என்று கொடுத்தேன்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரர்தான் தரையில் அந்தப் பெயர்களை எழுதினார் என்றாள் மோனா. மகள் அந்தப் பக்கம் திரும்பியதும், "இந்த வீட்டு ஆள் யாராவது வந்தா குடுங்க" என்று மோனா கையில் தொலைபேசி எண்ணைத் திணித்தாராம். என்ன பேசுவது என்று தெரியாமல் பத்து நாள் தள்ளிப்போட்டேன், வாயாடி நான். கடைசியில் கூப்பிட்டால் மகள் லினெட் எடுத்தாள். "அப்பாவ அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகுது, நீங்க யாருங்க?" என்றாள். மீன்காரன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மீன் தலை ரொம்பப் பிடிக்குமே என்றும் உளறினேன். "எங்கப்பா தலையத் தொடவே மாட்டாரே" என்றாள், வைத்துவிட்டேன்.

யாரென்று சொல்லாமல் வைத்ததற்கு உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொந்தத்தைத் தெரியாத மாதிரி நடிக்கும் பழக்கம் உனக்குக் கிடையாது, அதனால் அந்தத் தொலைபேசி எண்ணை இதோடு வைத்திருக்கிறேன். லினெட் உனக்கு அக்கா முறை. யாரென்று சொல்லிப் பேசு, திட்டினால் வாங்கிக்கொள். தரையில் பதினேழாம் எண் வீட்டில் நெவில் தன் பெயரை எழுதவில்லை. நான் எழுதலாமா என்று அவளிடம் கேள்.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு.

தரையில் செத்தும் இங்கே உன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்,
அப்பா ஆல்ஃபி