நத்தரா, ஹமீதா?

பினாங்கு
12-1-1961

அன்புள்ள சாரா பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். உன் மூட்டுவலி பற்றி நீ எழுதுவதே இல்லை. கடையில் உதவிக்கு இருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். நம் பிள்ளைகளில் ஒருவனை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இருவரும் ஒரே டீமில் ஃபுட்பால் ஆடுகிறார்களாமே! நன்றாக ஆடுகிறவன் அங்கேயே இருந்து காலேஜ் டீமில் சேரட்டும். மற்றவன் என்னிடம் வரட்டும். தம்பிதான் கெட்டிக்காரன் என்று நத்தர் எழுதுகிறான். அண்ணன்தான் என்கிறான் ஹமீது. யாரை நம்புவது? நீயே போய்ப் பார்த்து எழுது.

உன்,
பரக்கத் அலி

திருச்சி
5-2-1961

என் மச்சானுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

அடுப்படியில் கிடக்கிறவளைப் பந்து பார்க்க அனுப்புகிறீர்களே, நியாயமா? இருந்தாலும் போனேன். உங்கள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, மன்னார்புரத்தில் மைதானத்து ஓரமாகக் குதிரைவண்டியை நிறுத்தச் சொல்லி, திரையை விலக்கிப் பார்த்தேன்.

நத்தர் காலுக்குப் பந்து வந்தால் ஜனமே எழுந்து நிற்கிறது. என்ன ஓட்டம்! ஹமீது அவ்வளவு ஓடுவதில்லை. ஆனால் பந்து எங்கே விழுமோ, அங்கே முன்கூட்டியே போய் நிற்கிறான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சிரிக்கிறான். நத்தர் இரண்டு கோல் போட்டான். இரண்டுக்கும் பந்தைக் கொடுத்தவன் ஹமீது. ஒரே ஆட்டத்தை வைத்து என்ன சொல்ல? அடுத்த வாரமும் போகிறேன். நீங்கள் கேட்டதற்காகத்தான்.

உங்கள்,
சாரா

பினாங்கு
20-2-1961

சாரா,

உன் கடிதத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். ஹமீது எந்தக் காலால் அடிக்கிறான்? நத்தர் தலையால் முட்டுவானா? எல்லாம் எழுது. பாஸ்போர்ட் காரியம் நிற்கிறது. பெயரைச் சீக்கிரம் சொல்.

பரக்கத் அலி

திருச்சி
19-3-1961

என் மச்சானுக்கு,

நேற்று நம் டீம் நாலு கோல் வாங்கித் தோற்றது. வெறும் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு நத்தர் பந்தை வானத்துக்கு அடித்தான். ஹமீது எதிராளியின் காலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். ஜனங்கள் திட்டியதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏண்டா நத்தரு, கால்ல என்ன ஆச்சு?"

"சுளுக்கும்மா."

"ரெண்டு பேருக்குமா?"

ஹமீதுதான் வாயைத் திறந்தான்.

"மோசமா ஆடுறவனத்தானேம்மா அத்தா கூப்பிட்டுக்குவாங்க? நான் போறேன்னா இவன் விடமாட்டேங்குறான்."

"நீ அப்புறம் போடா. எனக்கு அத்தாவைப் பாக்கணும்" என்றான் நத்தர்.

உங்கள் கடிதத்தை இரண்டு பேரும் படித்துவிட்டார்கள் மச்சான். நீங்கள் கப்பலேறியபோது ஹமீதுக்கு ஆறு வயது. இப்போது மீசை அரும்பிவிட்டது.

யார் நன்றாக ஆடுகிறான் என்று எனக்கு இப்போது தெரியும். எழுத மாட்டேன்.

சாரா

பினாங்கு
10-4-1961

என் சாராவுக்கு,

பாஸ்போர்ட்டுக்கு யார் பெயரும் வேண்டாம். கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்வார். இன்ஷா அல்லாஹ், அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குகிறேன்.

பிள்ளைகளை மட்டும் துறைமுகத்துக்கு அனுப்பிவிடாதே. நீயும் கூட வா. எவன் நத்தர், எவன் ஹமீது என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

உன்,
பரக்கத் அலி